யூரோவைப் பெருக்குகிற மனிதர்

பெருக்கல்காரர் என்று ஒரு தினுசு மனிதர் நம் புதுச்சேரியில் தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். துடைப்பம் பிடித்துப் பெருக்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட இவருக்குத் தெரியாது. இவர் பெருக்குவது அடுத்தவர் சம்பளத்தை. அதிலும் உள்ளூர்ச் சம்பளம் என்றால் சீந்தமாட்டார். தட்டாஞ்சாவடியில் வாங்குவது ஒரு சம்பளமா? கடலைத் தாண்டியிருக்க வேண்டும். தினாராக, ரியாலாக, டாலராக, யூரோவாக இருக்க வேண்டும். அதைக் காதில் வாங்கி, உள்ளே இறக்கி, ரூபாயாக்கி, ஒரு பெருமூச்சாக வெளியே விட்டால்தான் அவருக்குச் சாப்பிட்டது செரிக்கும்.

ஆளை எப்படி அடையாளம் காண்பது? கல்யாணப் பந்திக்குப் போங்கள். எதிர்வரிசையில் யாராவது, "எங்க பையன் குவைத்துல இருக்கான்" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லட்டும். இவர் பிசைந்த சோறு அந்தரத்தில் நிற்கும். "எவ்ளோ வாங்குறாப்ல?" என்பார். நானூறு தினார் என்று பதில் வரும். அவ்வளவுதான். கண் பாதி மூடிக்கொள்ளும், உதடு மந்திரம் சொல்கிற மாதிரி அசையும், இடது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். ரசத்து வாளி வந்து நின்று, கூப்பிட்டுப் பார்த்து, இவருக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று அடுத்த இலைக்குப் போய்விடும்.

அமெரிக்க டாலர் நேற்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தக்காளி கிலோ என்ன விலை என்று கேளுங்கள். "கலைவாணி" என்று சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

கலைவாணி அவர் சம்சாரம். அவர், உழவர்கரை புருஷோத்தமன். பெருக்கல்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும் இவரைச் சொன்னால்தான் மற்றவர்களும் விளங்குவார்கள். ஏனென்றால் இவர் குடும்பத்துக்கு இது சம்பந்தி வழியாக வந்தது. இவருடைய அப்பா பக்கிரி. பக்கிரியின் அண்ணன் தணிகாசலம் அந்தக் காலத்தில் சைகோனுக்குக் கப்பல் ஏறியவர். தணிகாசலத்துக்குச் செல்வாம்பாளைக் கட்டிக்கொடுத்தபோது, செல்வாம்பாளின் தகப்பனார் மாப்பிள்ளையின் நிறத்தைப் பார்க்கவில்லை, குணத்தை விசாரிக்கவில்லை. அவர் அங்கே வாங்குகிற பியாஸ்தர் காசை ரூபாயாக்கிப் பார்த்தார், தலை சுற்றியது, தாம்பூலம் மாற்றிவிட்டார். கல்யாணம் முடிந்த பிறகுதான் குடும்பத்துக்கே ஒரு சேதி எட்டியது. தணிகாசலம் சைகோனில் அரிசி வாங்குவதும் அதே பியாஸ்தரில்தானாம்.

இந்தச் சேதி புருஷோத்தமனுக்கு இன்னும் எட்டவில்லை.

மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். காலையில் காப்பி வந்ததும் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, செல்போனில் எந்தத் தேசத்துக் காசு ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். ஏறியிருந்தால் அந்தத் தேசத்தில் இருக்கிற நம்மவர்கள் எல்லோருக்காகவும் சந்தோஷப்படுவார். அந்த நேரம் பார்த்துக் கலைவாணி துடைப்பத்தோடு வருவார்.

"இன்னாங்க, காலத் தூக்குங்க."

"இரு, பெருக்கிக்கினு இருக்கேன்."

"நீங்க பெருக்கி இந்த வூட்ல ஒரு குப்பையும் போனதில்ல. நான் பெருக்கணும், தூக்குங்க."

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அந்த வாட்ஸப் வந்து விழுந்தது.

புருஷோத்தமனின் ஒரே மகள் துர்கா. துர்காவின் வீட்டுக்காரன் வெற்றிவேல், சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். அப்பா வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். குழந்தை சிவசங்கரி அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். வெற்றிவேலுக்கு வேலை நிரந்தரமாகப்போகிறது என்று மேனேஜர் மூன்று ஆயுத பூஜையாகப் பொரியோடு சேர்த்து வாக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் ஒரு ஏஜெண்டு அனுப்பிய செய்தி, தமிழிலேயே: பிரான்சு தேசம், கப்பல் கட்டும் யார்டு, வெல்டர் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம், மாதம் 2,400 யூரோ ப்ரூட், தங்குமிடம் உணவு சொந்தச் செலவு, ஞாயிறு மாலைக்குள் பதில் தேவை.

புருஷோத்தமன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். யூரோ என்ற இடத்தில் நின்றுவிட்டார். உதடு அசைந்தது. கட்டைவிரல் புறப்பட்டது. பெருக்கல்காரர் விடையைச் சட்டென்று வெளியே சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். அதைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்துச் சப்புவார்.

"மாமா, ப்ரூட்டுன்னா இன்னா?" என்றான் வெற்றிவேல்.

"பழம்."

"பழமா?"

"ப்ரூட் சாலட்டுல வருதே, அதான். பிரான்சுல பழம் கொட்டிக் கெடக்குது மாப்ள. சம்பளத்தோட சேத்துக் குடுத்துடுவான். ஆப்பிளு, திராச்ச, பேரிக்கா."

சிரிக்காதீர்கள். வெற்றிவேல் சிரிக்கவில்லை. வெல்டிங் புகைக்கும் சூட்டுக்கும் நல்லது என்று சேதராப்பட்டில் அவனுக்குத் தினம் இரண்டு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். ஏழைத் தேசத்தில் வாழைப்பழம் என்றால் பணக்காரத் தேசத்தில் ஆப்பிள் கொடுப்பதில் என்ன ஆச்சரியம்? நியாயமாகத்தான் பட்டது. பானாவைப் படித்தால் பாரதமும் அதுதான், பழமும் அதுதான், பிரான்சும் அதுதான் என்று ஒரே எழுத்தை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவர்கள் நாம்.

"சொந்தச் செலவுன்னு போட்டிருக்குதே, அது எவ்ளோப்பா ஆவும்?" என்று கேட்டாள் துர்கா.

"ஒண்டி ஆளுக்கு இன்னா பெரிய செலவு? படுக்க ஒரு பாய். காத்தால நாலு இட்லி."

"பிரான்சுல ஏதுப்பா இட்லி?"

"அப்ப அந்தச் செலவும் மிச்சம்."

இதுதான் பெருக்கல்காரரின் கணக்கு. வரவு பிரான்சில் நடக்கும். செலவு உழவர்கரையில் நடக்கும். வருகிற யூரோவை எல்லாம் பெருக்கிவிடுவார், போகிற யூரோவைக் கண்ணால் பார்க்கமாட்டார். மறுநாள் காலைக்குள் இருபத்துநாலு மாதத்தையும் பெருக்கி, மாடிக்கு மேலே ஒரு மாடி எழுப்பி, தரைக்கு மார்பிளா கிரானைட்டா என்று கலைவாணியோடு சண்டை போட்டு, மார்பிள் வழுக்கும் என்று கலைவாணி சொன்னதும் விட்டுக்கொடுத்து, மொட்டைமாடியில் கைப்பிடிச்சுவர் எவ்வளவு உயரம் என்பதுவரை வந்துவிட்டார். சாயங்காலம் பழத்தையும் பெருக்க ஆரம்பித்தார். இங்கே ஆப்பிள் கிலோ என்ன விலை என்று கடைக்கே போய் விசாரித்தார். ஐயா வாழ்க்கையில் முதல் தடவையாக விலை விசாரிக்கிறார் என்று கடைக்காரருக்குச் சந்தோஷம்.

"மாப்ள, திங்கக்கெழம காத்தால வேலைய எழுதிக் குடுத்துடு."

வெற்றிவேல் துர்காவைப் பார்த்தான். துர்கா குழந்தையைப் பார்த்தாள். எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான். சேதராப்பட்டில் அந்த நாற்காலி சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தன் உட்கார்ந்திருப்பான். பிரான்சில் கால் ஊன்ற முடியாவிட்டால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. பெருக்கல்காரர் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமுடியாது. சொன்னால் ராசி கெட்டுவிடும்.

துர்கா வேறு வழியாக வந்தாள். "அப்பா, கமருஸ்ஸமான் பாய் பையன் முஆஸ் லீவுல வந்திருக்காராம். நாலு வருசமா அங்க எலக்ட்ரீஷியன். ஒரு வார்த்த கேட்டுக்குவமே."

புருஷோத்தமனுக்கு அதுவும் இனித்தது. முஆஸ் வாங்குகிற சம்பளத்தையும் பெருக்கலாம் அல்லவா?

கமருஸ்ஸமான் பாய்க்குப் பெரிய மார்க்கெட் பக்கம் கயிறும் பெயிண்டும் விற்கிற கடை. மில்லுக்குக் கயிறு எடுத்த காலத்திலிருந்து பழக்கம். சனிக்கிழமை நாலு பேருமாகப் போனார்கள், சிவசங்கரியையும் சேர்த்து. முஆஸ் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்திருந்தான்.

"முஆஸு, எங்க மாப்ளைக்குப் பிரான்சுல வேல. பழத்தோட சம்பளம்."

"பழத்தோடவா? எங்களுக்கெல்லாம் ஒரு கொட்டைகூடத் தரலியே மாமா."

செல்போனை வாங்கிப் படித்தான். படித்தவன் கயிற்றுச் சுருளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். சிரிப்பு அடங்கி மூச்சு வர நேரமானது.

"மாமா, இது பழம் இல்ல. ப்ரூத். பிரெஞ்சு வார்த்த. பிடிக்கறதெல்லாம் பிடிக்கறதுக்கு முன்னாடி சொல்ற சம்பளம். அதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல பிடிச்சிடுவான். மீதி கைக்கு வரதுக்கு நெத்துன்னு பேரு."

"நெத்தா?" என்றார் கமருஸ்ஸமான். "நம்ம வூட்டு முருங்க மரத்துல காஞ்சு தொங்குதே, அந்த நெத்தா?"

"அதேதான் அத்தா. பழமாக் காட்டுவான், நெத்தாக் குடுப்பான்."

புருஷோத்தமன் முகத்தில் ஒரு மாடி இடிந்து விழுந்தது. மேல் மாடிதான்.

முஆஸ் நல்ல பையன், பொறுமையாகச் சொன்னான். நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் ஆளுக்கு எவ்வளவு, சொந்தமாகப் பொங்கினால் எவ்வளவு, குளிர்காலத்தில் ஹீட்டருக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு. துர்கா ஒவ்வொன்றாகக் கேட்டு மனசில் போட்டுக்கொண்டாள். வெற்றிவேல் யார்டில் காற்று எப்படி, மாஸ்க்கு நல்லதாகக் கொடுப்பார்களா என்று கேட்டான். புருஷோத்தமன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"முடி வெட்டறதுக்கு?"

"இருவது யூரோ ஆவும் மாமா."

கண் பாதி மூடியது. உதடு அசைந்தது. கமருஸ்ஸமான் பாய் பதறிப்போய்ச் சோடா வாங்கிவர ஆளனுப்பினார்.

"தலைக்கா?" என்றார் புருஷோத்தமன், கண்ணைத் திறக்காமலே. "ரெண்டாயிரம் ரூவாயா? ஒரு தலைக்கா?"

இங்கேதான் வாசகர்கள் கொஞ்சம் கூர்ந்து கவனிக்க வேண்டும். பெருக்கல்காரருக்கு இரண்டு பருவம் உண்டு. முதல் பருவத்தில் வரவை மட்டும் பெருக்குவார். அப்போது அவர் கண்ணுக்கு அயல்தேசம் எல்லாம் சொர்க்கம். இரண்டாம் பருவத்தில் செலவை மட்டும் பெருக்குவார். அப்போது அதே தேசம் கொள்ளைக்காரர்களின் கூடாரம். இரண்டையும் ஒரே நாளில் பெருக்கிய பெருக்கல்காரரை இதுவரை யாரும் கண்டதில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் ஆட்டோவில் ஒரே புலம்பல். டீ எவ்வளவாம்? இரண்டரை யூரோ. பெருக்கினார். அந்தக் காசுக்கு நெல்லித்தோப்பில் ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிடலாம். காலிஃபிளவர்? பெருக்கினார். அதை வாங்கிச் சமைப்பதைவிட மாலையாகக் கட்டிச் சாமிக்குப் போடலாம். "வேணாம் மாப்ள. ரெண்டாயிரம் ரூவாய்க்கு முடி வெட்டறவன் ஊர்ல மனுசன் குடியிருப்பானா? சேதராப்பட்டுல ரெண்டு வாழப்பழம் குடுக்கறானா இல்லையா? தொங்கிக்கினு இரு."

"நேத்து மேல ஒரு மாடி கட்டினீங்களே மாமா?"

"எறங்கி வந்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாயங்காலத்துக்குள் பதில் போக வேண்டும். புருஷோத்தமன் கூடத்தில் உட்கார்ந்து, பிரான்சில் செருப்புத் தைக்க என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொண்டிருந்தார். துர்கா குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

"அப்பா, ஒரு நாழி நீங்க எதையும் பெருக்காதீங்க." வெற்றிவேல் பக்கம் திரும்பினாள். "இங்க பாருங்க. அங்க சம்பாதிக்கறத அங்கியே வெச்சுப் பாப்பம். நெத்துல வாடகையக் கழிப்பம், சாப்பாட்டக் கழிப்பம், மாசம் ஒரு முடிவெட்டையும் கழிப்பம். அப்படியும் ஆயிரம் யூரோவுக்கு மேல நிக்குது. நிக்கறதுதான் நம்ம வூட்டுக்கு வரும். இங்க வரத மட்டும் ரூவாயாக்கினாப் போதும். ஆக்கிப் பாத்தேன். சேதராப்பட்டவிட நெறயத்தான்."

"அப்ப போலான்றியா?"

"காசு போலான்னுது." குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். "பாப்பா நடக்கறத நீங்க போன்லதான் பாப்பீங்க. அத எத்தனையால பெருக்கறதுன்னு வேணா அப்பாவக் கேளுங்க."

புருஷோத்தமனின் கட்டைவிரல் பழக்கத்தில் எழுந்தது. எங்கே போவது என்று தெரியாமல் குழந்தையின் குதிகாலைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

வெற்றிவேல் வாசலுக்குப் போய் நின்றான். மூன்று ஆயுத பூஜைப் பொரியும் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். உள்ளே வந்து, "போய்ட்டு வரேன்" என்றான். போய்ட்டு வரேன் என்பதில் வரேன் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னான்.

போனான். துர்காவின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சொன்ன தேதிக்குப் பணம் வந்தது. ஆனால் மாதங்கள் போகப்போக வீடியோவில் வருகிற முகம்தான் யாருடையது என்று தெரியவில்லை. தாடி, ஜடை, குழி விழுந்த கன்னம். சிவசங்கரி பார்த்துவிட்டு, "சாமி" என்று கை கூப்பினாள்.

"முடி வெட்டலியா?" என்றாள் துர்கா.

"இருவது யூரோ, துர்கா."

"சாப்பாடு?"

"உருளக்கெழங்கு. மத்ததெல்லாம் ரூவாயாக்கிப் பாத்தா வாயில எறங்கல."

துர்காவின் தோளுக்குப் பின்னால் புருஷோத்தமனின் முகம் எழும்பியது. பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதைக் கேட்ட முகம். "சரியாச் சொன்ன மாப்ள" என்றார்.

பார்த்தீர்களா? இது ஒட்டிக்கொள்கிற வியாதி. ஊரில் உட்கார்ந்து பெருக்குகிறவருக்குப் பெருமூச்சோடு போகிறது. அங்கே போய்ப் பெருக்குகிறவன் பட்டினி கிடக்கிறான். யூரோ சம்பாதித்து ரூபாயில் பசிக்கிறான்.

"வெல்டிங் மாஸ்க்கு தலைல மாட்டமாட்டேன்னுது" என்று வெற்றிவேலே ஒப்புக்கொண்டான். துர்கா அதிகம் பேசவில்லை. நாளைக்கு முடி வெட்டிக்கொண்டு, அரைக் கோழி வாங்கித் தின்றுவிட்டு, அந்த எலும்பை வீடியோவில் காட்டினால்தான் குழந்தையைக் காட்டுவேன் என்றாள். மறுநாள் எலும்பு வந்தது. புருஷோத்தமன் மட்டும் மருமகனின் புதுத் தலையை நேராகப் பார்க்க முடியாமல், "ரெண்டு பக்கமும் ஒரே அளவா வெட்டியிருக்கானா பாரு கலைவாணி, விட்டுடாத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒப்பந்தம் முடிகிற சமயம் வெற்றிவேல் கூப்பிட்டான். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள்.

"இன்னும் மூணு வருசம் இருக்கச் சொல்றாங்க. சம்பளம் ஏத்திட்டாங்க. ரெண்டாயிரத்து அறுநூறு."

"பழமா, நெத்தா?" என்றார் கலைவாணி.

"நெத்துதான் அத்த."

புருஷோத்தமன் கண் மூடினார். யாரும் தொந்தரவு பண்ணவில்லை. துர்கா போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க பெருக்கினது போதும். எங்களக் கூட்டிக்கங்க."

"கூட்டிக்கலாம். கேட்டு வெச்சிருக்கேன்" என்றான். "ஆனா தனி வூடு எடுக்கணும். மூணு பேர் சாப்பாடு. மாசக் கடைசில மீதின்னு ஒண்ணும் நிக்காது."

"மீதி எவ்ளோ மாப்ள?" கண்ணைத் திறந்துவிட்டார் புருஷோத்தமன்.

"ஒண்ணும் இல்ல மாமா. சைபர்."

சைபரை வைத்துக்கொண்டு பெருக்கல்காரர் என்ன செய்வார்? கூடத்தில் சிவசங்கரி நாற்காலிக்கு நாற்காலி தாவிக்கொண்டிருந்தாள். இனி இந்தக் கூடத்தில் தாவமாட்டாள். பணமும் வராது, பிள்ளையும் இருக்கமாட்டாள். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் துர்கா தயங்குவாள். அது அவருக்கும் தெரியும், கலைவாணிக்கும் தெரியும். கலைவாணி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

புருஷோத்தமன் போன் பக்கம் குனிந்தார்.

"மாப்ள, அங்க பள்ளிக்கூடம் பீஸு எவ்ளோ?"

"கவர்மெண்டு ஸ்கூலு மாமா. பீஸே இல்ல."

"இங்க எல்கேஜிக்கே எவ்ளோ புடுங்கறான் தெரியுமா?" குரல் கொஞ்சம் பிசிறியது, ஆனால் கட்டைவிரல் கிளம்பிவிட்டது. "எல்கேஜி, யூகேஜி, அப்புறம் ஒண்ணாவது... பன்னெண்டாவது வரைக்கும் போட்டாலே... வேன் பீஸ விட்டுட்ட கலைவாணி, வேன் பீஸ சொல்லு... துர்கா, கெளம்பற வழியப் பாருமா. லாபந்தான். நல்ல லாபம்."

அவர் பெருக்கிக்கொண்டே போகட்டும். அன்றைக்கு அது முடியாது. கலைவாணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பீஸாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நாம் உங்கள் விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு நேரம் புருஷோத்தமனைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. வெற்றிவேலின் புதுச் சம்பளத்தை அவன் யூரோவில்தான் சொன்னான். புருஷோத்தமன் அதைப் பெருக்கி வெளியே சொல்லவில்லை. அது ரூபாயில் எவ்வளவு என்று இந்தப் பக்கங்களில் ஓர் இடத்திலும் எழுதவில்லை. ஆனால் உங்கள் மனசில் இப்போது ஒரு தொகை உட்கார்ந்திருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? போகட்டும், யாரிடமும் சொல்லவேண்டாம். அதில் இன்னும் வாடகை கழியவில்லை.